நுரையீரல் கட்டியை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது: தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறுவை மருத்துவர்களுக்கும், கீமோ தரும் மருத்துவர்களுக்கும், வார்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும்,

வணக்கம். என் தம்பிக்கு முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்றுநோய் வந்தது. ஆஸ்டியோசர்கோமா என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. காலை எடுக்காமல், நோயுள்ள எலும்பை மட்டும் வெட்டிவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். கீமோ முடிந்து, முடி முளைத்து, விட்ட இடத்திலிருந்து காலேஜைத் தொடர்ந்து, அரியர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன. நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள். மறுபடி வந்தது. இந்த முறை மற்றப் பக்கம். அதையும் எடுத்தார்கள். இப்போது வேலைக்குப் போய் வருகிறான். அடுத்த ஸ்கேன் வரப்போகிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நுரையீரலுக்குப் பரவிய கட்டியை எடுக்கும் முன்பே, அது திரும்பி வரக்கூடும் என்பதை நோயாளியையும் வீட்டாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். எடுத்து முடித்து அனுப்பும்போது, அடுத்த ஸ்கேன் எப்போது, யாரிடம் கொண்டுவந்து காட்டுவது என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள்.

நுரையீரலில் முதல் அறுவை நடந்த அன்று நான் தியேட்டர் வாசலில் நின்றிருந்தேன். மதியம் தாண்டி, அறுவை மருத்துவர் பச்சை உடையோடு வெளியே வந்தார். கையில் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே மருந்துத் தண்ணீரில் நுரையீரலின் சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு துண்டைக் காட்டி, நடுவில் வெள்ளையாக இருந்த புள்ளியைச் சுட்டினார். "எலும்புல ஆரம்பிச்ச நோய்ம்மா, நுரையீரலுக்குப் போனாலும் அங்கயும் எலும்பு மாதிரிதான் கெட்டியா வளரும். அதான் தடவினா கைக்குத் தட்டுப்படுது" என்றார். ஸ்கேனில் மூன்று என்று இருந்தது. காற்றை வெளியேற்றிச் சுருங்க வைத்த நுரையீரலை விரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்ததில் இன்னும் இரண்டு கிடைத்திருக்கின்றன. ஐந்தையும் எடுத்துவிட்டேன் என்றார். அவர் கண்ணில் களைப்பும் மகிழ்ச்சியும் சேர்ந்திருந்தன. அந்தக் கைத்திறனுக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடன்பட்டிருக்கிறது. இந்த மடலில் வேறெது மறந்தாலும் இதை யாரும் மறக்கக் கூடாது.

என் அம்மா அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்கேன் மூன்று என்றது, கை ஐந்து என்றது. அப்படியானால் கைக்கும் தட்டுப்படாதது இருக்குமா? இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்கேன் படம் பார்க்கத் தெரியாத குடும்பத்துக்கு அது தோன்றாது. அந்த டப்பாவைக் காட்டிய அதே நிமிடத்தில் அதையும் ஒருவர் சொல்லியிருக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை இப்போதும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தையல் பிரிக்கும் தேதி இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் எத்தனை வேளை என்று இருக்கிறது. மூன்று பந்து இருக்கும் அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியை மணிக்கு ஒரு தடவை இழுக்கச் சொல்லி இருக்கிறது. பயாப்சி முடிவு அரைப்பக்கத்துக்கு இருக்கிறது. கடைசி வரியில் 'ரிவியூ எஸ்.ஓ.எஸ்.' என்று இருக்கிறது. அதென்ன என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டபோது, "ஏதாவது தொந்தரவு இருந்தா வாங்கன்னு அர்த்தம்" என்றார்.

தொந்தரவு ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்தில் தம்பிக்கு உடம்பு தேறியது. பசி எடுத்தது. பைக் ஓட்ட ஆரம்பித்தான். வீட்டில் அத்தனை பேரும் முடிந்தது என்றே நினைத்தோம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். பிறகு கால் மூட்டைக் காட்டுவதற்காக வேறொரு ஓ.பி.க்குப் போன நாளில், வெளியே டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அவர் மகளுக்கும் இதே நோய். "எத்தனை மாசம் ஆச்சும்மா, ஆபரேசன் முடிஞ்சு? நெஞ்சு ஸ்கேன் எடுத்தாச்சா? எங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கச் சொல்லியிருக்காகளே" என்றார். அன்று சாயங்காலமே வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் எங்கள் காசு போட்டு எடுத்தோம். மறுபடி வந்திருந்தது. ஒரே ஒரு கட்டி, ஓரத்தில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் இரண்டாவது தடவையும் எடுக்க முடிந்தது.

அந்தப் பெரியவர் அன்றைக்கு வேறு கடையில் டீ குடித்திருந்தால்? பல இரவுகள் எனக்குத் தூக்கம் போன கேள்வி இது. ஒரு பையனின் உயிர் டீக்கடைப் பேச்சில் தொங்கியிருக்கக் கூடாது.

உங்களுக்குத் தெரிந்ததையே நான் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலை வாசிக்கும் வீட்டாருக்கும் இது தெரிய வேண்டும். நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் உறைக்குத்தான் வலி தெரியும். கட்டி உறையைத் தொட வேண்டும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் புக வேண்டும், அல்லது ஓரத்தில் இருக்கும் கட்டி வெடித்து நுரையீரலிலிருந்து காற்றுக் கசிய வேண்டும். அப்போதுதான் இருமல், குத்தல், மூச்சுத்திணறல் எல்லாம். அந்த நிலைக்கு வந்தபின் பல நேரங்களில் அறுவைக்கு இடமே இருப்பதில்லை. ஓரத்தில் சின்னதாக இருக்கும்போது ஆப்பு வடிவில் ஒரு துண்டை ஸ்டேப்லர் போட்டு வெட்டி எடுக்கிறீர்கள். மிச்ச நுரையீரல் தப்பிக்கிறது. பெரிய ரத்தக்குழாய்கள் நுழையும் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வளர்ந்துவிட்டால் நுரையீரலின் ஒரு பெரிய பகுதியை, அதாவது ஒரு முழு மடலையே இழக்க வேண்டியிருக்கும், அல்லது கை வைக்கவே முடியாது. ஆக, இந்த நோயில் "தொந்தரவு இருந்தா வாங்க" என்று அனுப்புவது, வர வேண்டிய நேரம் கடந்தபின் வாங்க என்று அனுப்புவதுதான்.

நுரையீரலில் பரவிய கட்டிகளை எடுப்பது பற்றிய மிகப் பெரிய கணக்கு 1997-இல் வெளியானது. ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவில் 18 மருத்துவமனைப் பிரிவுகள் சேர்ந்து 5,206 நோயாளிகளின் விவரத்தை ஒன்றாகத் தொகுத்தார்கள். பலவகைப் புற்றுநோய்கள். தெரிந்த கட்டிகளை முழுக்க எடுக்க முடிந்தவர்களில் 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 36 சதவீதம், 10 ஆண்டு கழித்து 26 சதவீதம். முழுக்க எடுக்க முடியாதவர்களில் 5 ஆண்டு கண்டவர்கள் 13 சதவீதம்தான். இந்த எண்களைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க இந்த அறுவையைத் தொடர்கிறார்கள்.

அதே கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முழுக்க எடுத்தவர்களிலேயே 53 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு 10 மாதங்களுக்குள்ளேயே. எலும்பு, தசை போன்றவற்றில் வரும் சர்கோமா வகைகளிலும், தோலில் வரும் மெலனோமாவிலும் 64 சதவீதம். விதைப்பையிலிருந்து பரவும் வகைகளில் 26 சதவீதம் மட்டுமே. சர்கோமாவில் அது பெரும்பாலும் நெஞ்சுக்குள்ளேயே திரும்புகிறது, அதாவது ஸ்கேனில் பிடிக்கக்கூடிய இடத்திலேயே. இரண்டாம் தடவை எடுக்க முடிந்தவர்களில் அதற்குப் பிறகும் 5 ஆண்டு வாழ்ந்தவர்கள் 44 சதவீதம். யாருக்கு எடுக்கலாம் என்று பொறுக்கித் தேர்ந்தவர்கள் அவர்கள், அதனால் எண் கூடுதலாகத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்று தெளிவு: திரும்பி வருவது அபூர்வமாக நடப்பதில்லை, பாதிக்கும் மேல் நடக்கிறது. நேரத்தில் பார்த்துவிட்டால் கையாள வழியும் இருக்கிறது. இந்த இரண்டும் தெரிந்த குடும்பம் மூன்றாவது மாதம் ஸ்கேனுக்கு வரும். இரண்டும் தெரியாத குடும்பம் பொங்கல் வைக்கும்.

ஏன் திரும்புகிறது என்பதை ஒரு நாள் கீமோ வார்டில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார். அந்த அரைமணி நேரத்துக்கு அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 1970-களுக்கு முன்னால் இந்த எலும்புப் புற்றுநோய்க்குக் காலை வெட்டுவது மட்டுமே சிகிச்சை. வெட்டும்போது நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கும். ஆனாலும் பத்தில் எட்டுப் பேருக்குப் பின்னாளில் நுரையீரலில் வந்துவிடும். அப்படியென்றால் காலை வெட்டிய அன்றே கண்ணுக்குத் தெரியாத செல்கள் நுரையீரலில் போய் உட்கார்ந்திருந்தன என்றுதான் பொருள். 1986-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதை உறுதி செய்தது. அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 2 ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம். அறுவையோடு கீமோவும் எடுத்தவர்களில் 66 சதவீதம். கண்ணுக்குத் தெரியாததைக் கொல்லத்தான் கீமோ என்பது அன்றிலிருந்து பாடம்.

கனடாவின் டெரி ஃபாக்ஸ் கதையும் அதே காலத்தது. 1977-இல், 18 வயதில், இதே நோய்க்காக ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டக் கிளம்பினார். 1980 செப்டம்பர் 1 அன்று நெஞ்சு வலித்து ஓட்டம் நின்றது. நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த ஜூனில் இறந்தார். அந்த வலி வரும் வரைக்கும் அவர் நாள்தோறும் ஒரு மாரத்தான் தூரத்துக்குப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். உடம்பு நன்றாக இருப்பதை வைத்து நுரையீரலைக் கணிக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

உடம்பின் அழுக்கு ரத்தம் முழுவதும் இதயத்தின் வலது பக்கம் வழியாக முதலில் நுரையீரலுக்குத்தான் போகிறது. மயிரிழையிலும் மெல்லிய நாளங்களில் அங்கே வடிகட்டப்படுகிறது. எலும்பிலிருந்து கழன்ற செல் முதலில் சிக்கும் இடம் அது. சிக்கிய எல்லாமே முளைப்பதில்லை. லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர் 1889-லேயே இதைச் சொன்னார். மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, செடியின் விதை நாலாபக்கமும் சிதறினாலும் தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று எழுதினார். விதை ஒன்று பல மாதம் உறங்கிக் கிடந்துவிட்டு விழிக்கவும் செய்யும். நீங்கள் அறுவை மேசையில் எடுப்பது ஏற்கனவே முளைத்தவற்றை. அதே வாரத்தில் விழுந்து, இன்னும் முளைக்காமல் கிடப்பது உங்கள் கத்திக்கு எட்டாது. ஒரு மில்லிமீட்டர் கட்டிக்குள்ளேயே லட்சக்கணக்கில் செல்கள் இருக்கும்; அந்த அளவே ஸ்கேனுக்கு எட்டாத அளவு. இதில் அறுவை மருத்துவரின் குறை எதுவும் இல்லை. திரும்பி வந்தால் "சரியா எடுக்கலை" என்று ஊரில் பேசுவார்கள். எங்கள் சொந்தத்திலும் பேசினார்கள். முன்கூட்டியே நீங்கள் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு எழுந்திருக்காது. உங்கள் பெயரைக் காப்பதும் அந்த உரையாடல்தான்.

வீட்டாரே சொல்ல வேண்டாம் என்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நம் ஊரின் நிஜமும் அதுதான். எங்கள் மாமா மருத்துவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன்கிட்ட எதுவும் சொல்லிறாதீங்க சார், தாங்க மாட்டான்" என்றார். மாமாவுக்கு அவன் மேல் உயிர். அந்த வேண்டுகோள் பாசத்திலிருந்து வருவது. அதை நான் ஒருநாளும் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆனால் அதற்கு மருத்துவர் "சரிங்க" என்று தலையாட்டியதும் நடந்தது இதுதான்: தம்பியிடம் சொல்லக் கூடாது என்பதற்காக எங்களிடமும் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. எங்கேயும் எழுதவும் இல்லை, எழுதினால் அவன் படித்துவிடுவான் என்று.

அவனோ எல்லாவற்றையும் போனில் தேடிப் படித்து வைத்திருந்தான். எங்களுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்துக்கொண்டான். இரண்டாவது அறுவைக்கு முந்தின ராத்திரி வார்டில் என்னிடம் சொன்னான்: "அக்கா, எனக்குச் சதவீதமெல்லாம் தெரியும். எனக்கு எந்த சதவீதம்னு டாக்டர்கிட்ட கேக்கணும்னுதான் இருக்கு. மாமா வருத்தப்படுவாருன்னு கேக்கலை." பத்தொன்பது வயதில் தன் நுரையீரலைப் பற்றிய உண்மையை மாமாவின் முகத்துக்காக விழுங்கிக்கொண்டு படுத்திருந்தான். மறைப்பதால் நோயாளிக்கு நிம்மதி கிடைக்கிறது என்று நம்புகிற ஒவ்வொரு மருத்துவரும் அந்தக் கட்டிலருகே ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டார் சொல்ல வேண்டாம் என்றால், அவனிடமே கேளுங்கள். "எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறப்பா? நீயே கேட்டுக்கிறியா, அக்காகிட்ட சொல்லட்டுமா?" என்று ஒரு கேள்வி. சிலர் வேண்டாம் என்பார்கள், அவர்கள் விருப்பம். பலர் சொல்லுங்கள் என்பார்கள். இரண்டாவது தடவை நாங்கள் பார்த்த மருத்துவர் அப்படித்தான் கேட்டார். தம்பி அவரிடம் கால்மணி நேரம் பேசினான். முதல் அறுவைக்கும் திரும்பியதற்கும் நடுவில் எத்தனை மாத இடைவெளி, எத்தனை கட்டி, ஒரு பக்கமா இரு பக்கமா, இவைதான் அவன் கணக்கை மாற்றும் என்று அவர் தாளில் எழுதிக் காட்டினார். வெளியே வந்து, அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டான்.

தெரிந்தால் பயந்துபோய் அறுவைக்கே வர மாட்டார்கள் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. மகனின் கால் எலும்பையே வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள், அதற்கெல்லாம் பின்வாங்க மாட்டோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் அறுவையோடு முடிந்தது என்று நம்பிய குடும்பம், இருப்பதையெல்லாம் அதிலேயே கொட்டிவிடும். அறுவைக்குக் காப்பீட்டு அட்டை உதவினாலும் தங்குவது, சாப்பாடு, போக்குவரத்து, வேலைக்குப் போகாத நாட்கள், வெளியே எடுக்கும் ஸ்கேன்கள் எல்லாம் கைக்காசு. எங்கள் வீட்டில் அம்மாவின் நகை முதல் தடவையிலேயே அடகுக்குப் போய்விட்டது. இன்னொரு தடவையும் வரலாம் என்று தெரிந்திருந்தால் பாதியை வைத்திருப்போம். பெரிய செலவில் வீட்டை எடுத்துக் கட்டலாமா, தங்கச்சி கல்யாணத்தை இந்த ஆண்டே வைக்கலாமா, பையன் எந்த ஊரில் வேலை தேடலாம் என்றெல்லாம் ஒரு வீடு முடிவெடுப்பது அடுத்த இரண்டு வருடம் எப்படி இருக்கும் என்ற கணிப்பை வைத்துத்தான். அந்தக் கணிப்பு உங்களிடம் இருக்கிறது. எங்களிடம் இல்லை.

எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே பதில் இல்லை என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பெருங்குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவும்போதும் இதே அறுவையைச் செய்கிறார்கள். அறுவை உண்மையிலேயே ஆயுளைக் கூட்டுகிறதா என்று பார்க்க பிரிட்டனில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் ஒரு சாராருக்கு அறுவை, மறுசாராருக்கு அறுவை இல்லாமல் கண்காணிப்பும் மற்றச் சிகிச்சையும். போதிய ஆட்கள் சேராமல் 93 பேரோடு நின்றுபோனது. அந்த 93 பேரில் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே காலம் வாழ்ந்தார்கள், பாதிப் பேர் தாண்டிய காலம் மூன்றரை ஆண்டைச் சுற்றி. சிறிய ஆய்வு, அதை வைத்து அறுவையே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எலும்புப் புற்றுநோயில் நிலைமை வேறு. கட்டிகளை முழுக்க எடுக்காமல் நீண்டகாலம் வாழ்ந்தவர்கள் மிக மிக அரிது. ஆனால் பெருங்குடல் நோயாளி ஒருவர் நெஞ்சைத் திறக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன், இப்படி ஒரு ஆய்வு நடந்திருக்கிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வதா, திறந்து கையால் தடவிச் செய்வதா என்பதும் இன்னும் தீராத கேள்விதான். எலும்புப் புற்றுநோய்ப் பிள்ளைகளில் ஒரு நுரையீரலுக்கு நான்கு அல்லது அதற்கும் குறைவான கட்டி உள்ளவர்களை வைத்து, அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் ஆய்வு நடத்துகிறார்கள். உங்களுக்கே முடிவு தெரியாத இடங்களில் "எங்களுக்கே இன்னும் உறுதியா தெரியலம்மா" என்று சொன்னால் உங்கள் மேல் மதிப்பு கூடத்தான் செய்யும்.

நம்பிக்கை தரும் கதைகள் இல்லாமல் இல்லை. 1933-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலில் பரவியிருந்தது. பார்னி, சர்ச்சில் என்ற இரண்டு மருத்துவர்கள் சிறுநீரகத்தையும் எடுத்து, நுரையீரலின் ஒரு மடலையும் எடுத்தார்கள். அவர் அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து இதய நோயில் இறந்தார். இந்தக் கதையை எங்களிடம் சொல்லுங்கள், கண்டிப்பாகச் சொல்லுங்கள். 53 சதவீதத்தையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

உங்கள் ஓ.பி. எப்படி இருக்கும் என்று தெரியும். விடியற்காலையில் டோக்கன் போட்டுவிட்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு மருத்துவர், வாசல் வரை வரிசை, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை உட்கார்ந்து அரைமணி பேசுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. அதனால்தான் ஒரு தாள் கேட்கிறேன். பேசும் வேலையை எல்லா நேரமும் நீங்களே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், ஒரு மருத்துவ சமூகப் பணியாளர் போதும். மூன்று மாதம் கழித்து வராதவர்களுக்கு ஒரு போன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரை மாத்திரையையே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு இந்த மாநிலத்தின் சுகாதாரத் துறை வந்திருக்கிறது. நுரையீரல் அறுவை ஆனவரை ஸ்கேனுக்குக் கூப்பிடுவது அதைவிடப் பெரிய வேலை ஆகாது.

திரும்பி வந்து, இனி அறுவைக்கு வழி இல்லை என்ற நிலை வரும் குடும்பங்களும் உண்டு. அவர்களில் சிலரை அதே வார்டில் பார்த்தேன். "இனிமே இங்க செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற ஒற்றை வாக்கியத்தோடு அவர்கள் படியிறங்கியதையும் பார்த்தேன். செய்வதற்கு நிறைய இருக்கிறது. கட்டியைக் குறிவைத்துச் செலுத்தும் கதிர்வீச்சு, ஊசியால் சுட்டுக் கருக்குவது, நோயை அடக்கி வைக்கும் மாத்திரைகள் எல்லாம் சிலருக்குப் பொருந்தும். எதுவுமே பொருந்தாதவருக்கும் மூச்சுத்திணறலைத் தணிக்க மார்ஃபின் இருக்கிறது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி அதைப் பெறுவதை எளிதாக்கியும் இருக்கிறார்கள். வலி தணிப்பு மருத்துவர்களைக் கடைசி வாரத்தில் கூப்பிடாமல், முதல் தடவை திரும்பியபோதே அறிமுகப்படுத்தி வையுங்கள். அறிமுகமான முகம் என்றால் அந்த நாளில் குடும்பம் தைரியமாகப் போன் செய்யும்.

கீழே ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். எலும்புப் புற்றுநோய்க்கு ஏற்ப எழுதியது. மற்ற வகைகளுக்கு எண்களையும் இடைவெளியையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும். எங்கள் மாதிரிப் படிப்பு உள்ளவர்களுக்குப் புரியும் தமிழில் இருக்கிறது. இதையே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது இதைவிட நன்றாக எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் இருந்தால் நல்லது.

"உங்கள் நுரையீரலில் எங்கள் கண்ணுக்கும் கைக்கும் தெரிந்த கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். எடுத்தவை: ____. ஸ்கேனில் தெரியாத அளவு சிறியவை இன்னும் இருக்கக்கூடும். இந்த நோயில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டி மறுபடி வருகிறது. வந்தால் அது நீங்கள் ஏதோ தவறு செய்ததால் அல்ல. சாப்பாட்டாலோ வேலையாலோ வந்ததும் அல்ல. ஆரம்பத்தில் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அதனால் உடம்பு நன்றாக இருந்தாலும் முதல் 2 ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒருமுறை, 3-ஆம் ஆண்டு 4 மாதத்துக்கு ஒருமுறை, 4, 5-ஆம் ஆண்டுகளில் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனைக்கு வர வேண்டும். உங்கள் அடுத்த ஸ்கேன் தேதி: ____. படத்தையும் பழைய படங்களையும் சேர்த்து எடுத்து வந்து ____ மருத்துவரிடம், ____ கிழமை ஓ.பி.யில் காட்டவும். அவர் இல்லாவிட்டால் ____. திடீரென்று மூச்சுத்திணறினாலோ, நெஞ்சில் குத்தினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே வரவும். மறுபடி கட்டி தெரிந்தால் எல்லா மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, உங்களையும் கேட்டுத்தான் முடிவெடுப்போம். இந்தத் தாளில் உள்ளதை உங்களுக்கு விளக்கியவர்: ____. வர முடியாத சூழல் இருந்தால் அழைக்க வேண்டிய எண்: ____."

கோடிட்ட இடங்களில் கடைசி இரண்டையும் தயவுசெய்து காலியாக விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா,
விருதுநகர் மாவட்டம்.